‘திருத்த அறுவை’ என்னும் பெயர் பொருந்துமா?

காலில் ஏறிய கண்ணாடித் துணுக்கு உள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? நாளடைவில் உடல் அதனைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிவிடும். அந்நியப் பொருளை வெளியேற்ற முடியாதபோது அதற்கு வேலி போடுவது உடலின் வழக்கம். மார்பகத்தினுள் வைக்கப்படும் சிலிக்கோன் பைக்கும் இதே வேலிதான். பலருக்கு அவ்வுறை மெல்லியதாகவே நின்றுவிடுகிறது. சிலருக்கோ அது தடித்துச் சுருங்கிப் பையை நெருக்குகிறது. மார்பகம் கல்போல் இறுகி, உருமாறி, வலியெடுக்கிறது.

இதற்காகச் செய்யப்படும் மறு அறுவையை மருத்துவர்கள் ‘திருத்த அறுவை’ என்கிறார்கள். இப்பெயரில்தான் எனக்கு உடன்பாடில்லை. திருத்தம் என்றால் முன்பு ஏதோ பிழை நேர்ந்தது என்றல்லவா பொருள்? இங்கே உடல் பிழை செய்யவில்லை. பெரும்பாலும் அறுவை மருத்துவரும் செய்யவில்லை.

சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் இரு மருத்துவர்கள், சிலிக்கோன் கூழ் அடைத்த பைகளை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர். உறை இறுகும் தொல்லை பின்னர் தலைகாட்டியது. 1970களில் அதற்குக் கையாண்ட வைத்தியத்தைக் கேட்டால் வியப்படைவீர்கள். மருத்துவர் தம் கைகளால் மார்பகத்தை வெளியிலிருந்தே பலங்கொண்டு அழுத்தி, உள்ளிருக்கும் உறையை உடைப்பார்! கத்தி வேண்டாம், செலவும் குறைவு. ஆனால், உறையோடு சில வேளைகளில் பையும் உடைந்தது. உள்ளே இரத்தம் கசிந்தது. உறையோ மீண்டும் வளர்ந்தது. இன்று இம்முறையைச் செய்யவேண்டாம் என்று பை தயாரிப்பவர்களே எச்சரிக்கின்றனர்.

பையின் மேற்பரப்பையும் மாற்றிப் பார்த்தார்கள். வழவழப்பான பையைச் சுற்றித் தழும்பு இழைகள் ஒரே சீராக அடுக்கி இறுகுகின்றன. பரப்பைச் சொரசொரப்பாக்கினால் இழைகள் பல திசைகளில் திரும்பி, இழுவிசை சிதறிவிடும் என்பது கருத்து. நல்ல யோசனைதான், ஓரளவு பயனும் கிடைத்தது. ஆனால், இத்தகைய பைகளைச் சூழ்ந்த உறையில், அரிதாக, ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது தெரியவந்தது. இத்தொடர்பு இருக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் அறிவித்தது. 2019இல் அல்லர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகைப் பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. ஒரு தொல்லைக்குக் கண்ட மருந்தே மறு தொல்லைக்கு வித்தாயிற்று!

அதே நிர்வாகம் 2011இல் தந்த கணக்கைப் பாருங்கள். பொருத்திய 10 ஆண்டுகளுக்குள், அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐவருக்கு ஒருவர் வரையிலும், மார்பகத்தை இழந்தபின் மீட்டமைத்துக்கொண்டவர்களில் இருவருக்கு ஒருவர் வரையிலும் பையை எடுத்துவிட நேரிடுகிறது. இருவரில் ஒருவருக்கு நேர்வதைத் ‘திருத்தம்’ என்பது எப்படி? அது சிகிச்சையின் இரண்டாம் பகுதி. முதல் நாளே சொல்லப்படவேண்டியது. ‘இவை ஆயுட்காலம் முழுதும் நிலைப்பவை அல்ல’ என்ற கருத்தைக் கட்டமிட்ட எச்சரிக்கையில் சேர்க்கவேண்டும் என அந்நிர்வாகம் விதித்தது 2021இல்தான். 59 ஆண்டுகள்!

இன்றைய மறு அறுவையின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இறுகிய உறையை வெட்டியெடுத்து, புதிய பையை வேறோர் அடுக்கில், பெரும்பாலும் மார்புத் தசைக்குக் கீழே, வைக்கிறார்கள். புற்றுநோய் கண்டிருந்தால் பையையும் உறையையும் மிச்சமின்றி அகற்றியே ஆகவேண்டும். தொடக்க நிலையில் பெரும்பாலோர் இதனாலேயே குணமடைகின்றனர். அந்த நோய் இல்லாத பெண்கள் சிலரும் முழு உறையையும் எடுக்கும்படி கேட்கிறார்கள். அவர்களுடைய அச்சம் புரிகிறது. ஆயினும், உறையின் பின்புறம் விலா எலும்புகளோடு ஒட்டியிருக்கும்; அதனைச் சுரண்டப்போய் நுரையீரலைச் சூழ்ந்த படலம் கிழியலாம். அந்த இடத்தில் சிறிது உறையை விட்டுவரும் மருத்துவரைக் குறைகூற மாட்டேன்.

புதிய பையைச் சுற்றியும் உடல் வேலி போடும். ஆகவே மூன்றாம் அறுவையும் வரக்கூடும். செலவு யாருடையது? புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவருக்குப் பின்னால் நேரும் இச்சிக்கல்களின் செலவைக் காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்க வகை செய்யும் சட்டம் 1998இல் அமெரிக்காவில் வந்தது. அழகுக்காக வைத்துக்கொண்டவருக்கு அச்சட்டம் பொருந்தாது. அவர் ஒவ்வொரு முறையும் தம் கைப்பணத்தையே எடுக்க நேரிடலாம்.