சீஃப் ரவுண்ட்ஸ்

காலையில் பொது மருத்துவ வார்டுக்குள் யூனிட் தலைவரான சீஃப் நுழைகிறார். பின்னால் உதவிப் பேராசிரியர்கள், கேஸ் ஷீட்டும் கையுமாக எம்.டி. மாணவர்கள், கடைசியில் ஹவுஸ் சர்ஜன்கள். கட்டில் கட்டிலாக நகரும் இந்த ரவுண்ட்ஸ்தான் நம் மருத்துவக் கல்லூரிகளின் அசல் வகுப்பறை.

நல்ல சீஃபை அவர் கேட்கும் கேள்வியில் அறியலாம். முந்திரிக்காட்டு வேலைக்குப் போகும் அரியலூர் மாவட்டச் செந்துறைக்காரர் ஒருவர் விடாத காய்ச்சலோடு படுத்திருக்கிறார் என்று வையுங்கள். "அக்குளைப் பார்த்தியாப்பா?" என்பார். அங்கே சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் நோயாளியும் சொல்லியிருக்க மாட்டார். புதரில் வாழும் நுண்பூச்சி கடித்த தடம் அது. நோய், ஸ்க்ரப் டைபஸ். டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலும் 2 நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

மார்பை விரலால் தட்டிப்பார்க்கும் முறையை அவுன்பிரக்கர் 1761-ல் எழுதிவைத்தார். 1816-ல் லென்னக் ஸ்டெதஸ்கோப் தந்தார். இரண்டையும் புத்தகம் சொல்லும். எங்கே தட்டுவது, எந்தச் சத்தத்துக்கு நின்று காதுகொடுப்பது என்பது பக்கத்தில் ஒருவர் நின்று காட்டினால்தான் கைக்கு வரும். சென்னையில் அப்படிக் கற்பித்தே பேர்பெற்றவர் பேராசிரியர் கே.வி. திருவேங்கடம்.

அந்தச் செந்துறைக்காரரின் அரியலூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. கட்டடமும் ஸ்கேனும் பணம் போட்டால் வரும். நின்று சொல்லித்தரும் சீஃப் அமைவதுதான் வரம். இளம் டாக்டர்களே, ரவுண்ட்ஸில் பின்வரிசையில் ஒதுங்காதீர்கள்.