மூன்று சென்டிமீட்டர் இறக்கம்

காரின் அழகு என்றால் பலரும் பெயின்ட்டைச் சொல்வார்கள், முகப்பு விளக்கைச் சொல்வார்கள். என் கண் முதலில் போவது டயருக்கும் அதன்மேல் கவிந்திருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குத்தான். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் அந்த இடைவெளிக்குள் உள்ளங்கையையே நுழைத்துவிடலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, மழைக்குப் பெயர்ந்த தார் ரோடு, தெருவுக்கொரு வேகத்தடை எல்லாவற்றையும் எண்ணித்தான் கம்பெனி உயரத்தை முடிவு செய்கிறது. ஆனாலும் ஆள் ஏறாமல் தனியே நிற்கும்போது அந்த வண்டி குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். அதை அளவோடு இறக்கிச் சக்கரங்களின்மேல் உட்கார வைப்பதுதான் லோயரிங் ஸ்பிரிங் மாற்றும் வேலை. வீட்டுப் போர்டிகோவில், சொந்தக் கையால், அவசரமில்லாமல் செய்யப்படும்போது அதை நான் ஒரு கைவினையாகவே மதிக்கிறேன்.

எவ்வளவு இறக்குவது? கலை முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. முடிந்தவரை கீழே என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஸ்விஃப்ட் மாதிரி ஒரு வண்டிக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் போதும். 2005இல் வந்த ஸ்விஃப்டின் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். அதில் 30 போனால் 140. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி போட்ட வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. அதை இந்த வண்டி நிதானமாக ஏறி இறங்கிவிடும். தெருக்காரர்களே சிமென்ட் கொட்டிப் போட்ட மேடுகளுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. அங்கே குறுக்காக ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

அளவோடு நிறுத்துவதற்கு வேகத்தடையைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு, அது முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட்தான். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு சின்னக் காருக்காக யோசித்த அமைப்பு அது. அந்தக் கார் விற்பனைக்கே வரவில்லை. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950இல் பிரிட்டனில் வெளியான ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்கள் அந்த அமைப்பை ஊரறியச் செய்தன. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்க, கீழே ஒரே ஒரு லோயர் ஆர்ம். குறைந்த பாகம், குறைந்த இடம், குறைந்த செலவு.

அந்த எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும். வண்டியை இறக்க இறக்க அது தரைக்கு இணையாக வரும். இன்னும் இறக்கினால் சக்கரப் பக்கம் மேலேறி நிற்கும். வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் சாய்க்கும் விசையும் கூடும். அதாவது அளவு மீறி இறக்கிய வண்டி, பார்க்கப் பந்தயக் கார் மாதிரி இருந்தாலும் வளைவில் முன்னைவிடச் சாயத்தான் பார்க்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். லோயர் ஆர்ம் ஏறக்குறைய மட்டமாக நிற்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்பவருக்குத்தான் அழகும் ஓட்டமும் சேர்ந்து கிடைக்கும்.

இனி ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இழுப்புக்கும் விசைக்கும் உள்ள நேர்க்கணக்கை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். அந்த எளிய கணக்குக்குள் ஸ்பிரிங் செய்பவர்கள் காட்டும் நுணுக்கம் வியக்க வைப்பது. சுருளின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது. கம்பியைப் பத்து சதவீதம் தடிமனாக்கினால் விறைப்பு 46 சதவீதம் ஏறிவிடும். அரை மில்லிமீட்டர்கூட அங்கே அற்பம் இல்லை. ஜெர்மனியின் சாவர்லாந்து மலைப்பகுதியில் ஃபின்னென்ட்ரோப் என்ற சிற்றூரில் 1951இல் தொடங்கிய ஐபாக் நிறுவனமும், அக்கம்பக்கத்து லென்னஸ்டாட்டில் உள்ள எச் அண்ட் ஆர் நிறுவனமும் இந்த வேலையில் உலகப் பெயர் பெற்றவை. உயர்ரக எஃகுக் கம்பியைச் சுருட்டி, சின்னச் சின்ன உருண்டைகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்கி, பிறகு முழுக்க அமுக்கி விடுவித்து, இனி தொய்ய வேண்டிய தொய்வையெல்லாம் தொழிற்சாலையிலேயே தொய்யவைத்து அனுப்புகிறார்கள்.

நல்ல லோயரிங் ஸ்பிரிங்கில் சுருள்கள் ஒரே சீராக இருக்காது. ஒரு முனையில் நெருக்கம், போகப்போக விலகல். நெருங்கிய சுருள்கள் லேசான சுமையிலேயே ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். மிச்சமுள்ள சுருள்கள் குறைவு. எண்ணிக்கை குறைந்தால் விறைப்பு கூடும். ஆக, சின்னக் குலுக்கலுக்கு இளகியும் பெரிய பள்ளத்துக்கு முறுகியும் பதில் சொல்ல ஒரே கம்பி போதுமானதாகிறது. கம்பெனி ஸ்பிரிங்கையே கட்டரால் ஒரு சுற்று அறுத்து இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அறுத்த முனை அதன் தட்டில் சரியாக உட்காராது. கேஸ் வைத்து அறுத்தால் சூடு பட்ட இடத்தில் எஃகின் பதமே போய்விடும்.

வேலை, வீல் நட்டுகளைத் தரையிலேயே அரைத் திருகு தளர்த்துவதில் தொடங்குகிறது. பிறகு ஜாக்கி, அதன்பின் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நான் அவர் பக்கத்தில் நிற்க மாட்டேன். பின்பக்கம் சுலபம். இரு பின்சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் டார்ஷன் பீம் வண்டியில் ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, பீமை ஜாக்கியில் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்.

முன்பக்கம்தான் ரசனைக்குரிய இடம். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் விடுவித்து, சக்கரத் தாங்கியைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றும்முன், அவை இருந்த நிலையைச் சுற்றிக் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். கழற்றி எடுத்த ஸ்ட்ரட்டைப் படுக்க வைத்து, ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் கம்ப்ரஸரின் கொக்கிகளை மாட்டுவார்கள். இந்தப் பக்கம் இரண்டு திருகு, அந்தப் பக்கம் இரண்டு திருகு. ஒன்று முந்தினால் சுருள் வில்லாக வளையும். காருக்குள் கால் டன் சுமந்த ஸ்பிரிங் இது. வெளியே வந்த பிறகும் அந்த வலுவில் ஒரு பங்கு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அதற்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது. மேல் தட்டு கையால் சுழலும் அளவுக்கு இளகிய பிறகே நடு நட்டில் ஸ்பேனர் படலாம். ஆலன் கீயால் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புபவரின் பொறுமை எனக்குப் பிடிக்கும். இம்பாக்ட் கன் நொடியில் கழற்றிவிடும், ஆனால் ஷாஃப்ட்டும் கூடவே சுழன்றால் உள்ளே இருக்கும் சீலுக்கு ஆகாது.

புது ஸ்பிரிங் ஏறும்போது அதில் அச்சிட்ட எழுத்து நேராகப் படிக்க வர வேண்டும். கீழ்ச் சுருளின் நுனி, தட்டில் அதற்கென்று இருக்கும் தடுப்பில் போய் முட்டி உட்கார வேண்டும். அது உட்காரும்போது கைக்கே தெரியும். ஸ்பிரிங்காரர் சொல்லியிருந்தால் மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும், ஸ்ட்ரட் முழுக்க அமுங்கும்போது முட்டித் தாங்கும் பம்ப் ஸ்டாப்பைக் குறைக்கலாம். அதுவும் தட்டையான முனையில். கூம்பிய முனையைத் தொடக் கூடாது.

கைகாரரை அடையாளம் காட்டும் இடம் இதற்கும் பிறகு வருகிறது. லோயர் ஆர்ம் புஷ்களில் ரப்பர் இரும்போடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கிறது. அது சுழல்வதில்லை, முறுகித்தான் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும், சீக்கிரமே கிழியும். ஆகவே நான்கு சக்கரங்களையும் கனத்த பலகைகள்மேல் இறக்கி, வண்டியை இரண்டுமுறை அமுக்கி உட்காரவைத்து, அந்தப் புது உயரத்தில் அடியில் படுத்து, டார்க் ரெஞ்சின் ‘க்ளிக்’ கேட்கும்வரை முறுக்க வேண்டும். லோயர் ஆர்மின் உள்முனைப் போல்ட்டை இந்த வேலைக்காகக் கழற்றவே தேவையில்லை. அப்படியிருந்தும் புஷ்ஷுக்காக அதைத் தளர்த்தி, புது உயரத்தில் மீண்டும் இறுக்குபவர்கள் உண்டு. வெளியே நிற்பவர் யாருக்கும் தெரியாத அந்த அரைமணி நேர உழைப்பை நான் மிக உயர்வாக நினைக்கிறேன்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எனவே பொதுச் சாலையில் ஓடும் வண்டி என்றால், பாகம் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் இந்த ஸ்பிரிங்குகள் எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும் என்ற சான்றிதழோடு வருகின்றன; மாட்டிய வேலையைப் பரிசோதகர் சரிபார்க்கும் முறையும் அங்கே இருக்கிறது. அப்படி ஓர் ஏற்பாடு இங்கேயும் வந்தால், அறுத்த ஸ்பிரிங்கும் அளந்த ஸ்பிரிங்கும் ஒரே தட்டில் நிறுக்கப்படாது.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஸ்பிரிங் இன்னும் சிறிது இறங்கி நிலைக்கும். போல்ட்டுகளை மறுபடி சோதிப்பதும், அலைன்மென்ட்டில் டோ, கேம்பர் என்ற சக்கரக் கோணங்களைப் பார்ப்பதும், விளக்கின் குறியைத் திருத்துவதும் அப்போதுதான். இறக்கிய வண்டி ஒன்று உங்கள் தெருவில் நின்றால், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை குனிந்து பாருங்கள். லோயர் ஆர்ம் மட்டமாக இருக்கிறதா, கீழ்ச் சுருளின் நுனி தன் இடத்தில் முட்டி நிற்கிறதா, இறுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறதா என்று. மூன்றும் இருந்தால், வண்டிக்காரரைக் கூப்பிட்டுப் பேசலாம். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும்.