கரியைக் கரைக்கும் கை

பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் ரோட்டரி எஞ்சின் மூச்சு விடும். புஸ், புஸ், புஸ். மூன்றும் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் வந்தால் எஞ்சின் நலம். ஒரு மூச்சு ஓங்கி மற்ற இரண்டும் தாழ்ந்து ஒலித்தால் முனை சீல் ஒன்று வேலை செய்யவில்லை. ஒரு சீலுக்கு இந்தப் பக்கம் ஓர் அறை, அந்தப் பக்கம் ஓர் அறை; அது ஓய்ந்தால் இரண்டு மூச்சு போய்விடும். மலாக்காவில் தெங்கேரா சாலைக்குப் பின்சந்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கண்ணை மூடி இந்த மூச்சைக் கேட்பதை முதன்முதலில் பார்த்தபோது, கச்சேரிக்கு முன் சீவாளியை உதட்டில் வைத்துப் பதம் பார்க்கும் நாதஸ்வரக்காரர்தான் என் நினைவுக்கு வந்தார். அத்தனை பெரிய வாத்தியமும் அந்தச் சின்னஞ்சிறு நாணல் துண்டை நம்பி இருப்பது போல, ரோட்டரி எஞ்சின் முழுவதும் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள சீல்களை நம்பி இருக்கிறது.

மஸ்டாவின் ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 ஓட்டுகிறவர்களுக்குக் கரி என்ற சொல் தினமும் வாயில் வரும். அந்தக் கரியை மருந்து விட்டுக் கரைத்து எடுப்பது ஒரு கலை என்று நான் நினைக்கிறேன். கடையில் டின் வாங்கி ஊற்றுவதில் என்ன கலை என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. இடுப்பு சிறுத்த நீள்வட்டம் போன்ற ஓர் அறை. அதற்குள் பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கிறது. முக்கோணத்தின் மூன்று முனையிலும் ஒவ்வொரு சீல், பின்னால் அதைச் சுவரோடு அணைக்கும் மெல்லிய ஸ்பிரிங். முக்கோணம் ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் எண்ணிய இந்த எஞ்சின் 1957இல் என்எஸ்யூ நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. அதன் உரிமத்தை வாங்கிய மஸ்டாவின் ஹிரோஷிமாக்காரர்கள்தான் அதைக் கைவிடாமல் வளர்த்தார்கள்.

அவர்களுக்கு முதல் தலைவலி அந்தச் சீல்தான். சோதனை எஞ்சின்களைத் திறந்து பார்த்தால் உள்சுவர் நெடுக வரிவரியாகக் கீறல். சீல் அதிர்ந்து அதிர்ந்து சுவரைப் பிறாண்டியிருந்தது. பேயின் நகக்கீறல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அந்தப் பேயோடு மல்லுக்கட்டினார்கள். தீர்வு எதில் கிடைத்தது தெரியுமா? கரியில். கார்பனுக்குள் அலுமினியத்தை ஊடுருவச் செய்து சீல் வார்த்தார்கள்; கீறல் நின்றது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் வார்ப்பிரும்பு சீல்கள் வந்துவிட்டன என்றாலும், கரியால் உயிர் பிழைத்த இந்த எஞ்சினை இன்று கரியே நோகடிக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஒரு மாதிரி ஆகிவிடும்.

கரி ஏன் சேர்கிறது? எரியும் அறை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கிறது. எரியும்போதே நகர்ந்துகொண்டும் இருக்கிறது. ஒரு மூலையில் பற்றிய நெருப்பு மறுமூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அறை இடம் மாறிவிடும். அதனால்தான் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக். அப்படியும் கொஞ்சம் பெட்ரோல் எரியாமல் நிற்கும். இதற்கு மேல், சீல் உலராமல் இருக்க எஞ்சின் ஆயிலையே சிறு பம்ப் ஒன்று சொட்டுச் சொட்டாக அறைக்குள் விடுகிறது. ரோட்டரி ஆயில் குடிப்பது நோயில்லை, அதன் சாப்பாடே அதுதான். அந்த ஆயில் எரிந்த மிச்சமும் எரியாத பெட்ரோலும் சேர்ந்து முதலில் பிசினாகப் படியும். பிறகு சூட்டில் வெந்து ஓடாக இறுகும்.

2003இல் வந்த ஆர்எக்ஸ்-8க்கு இந்தத் தொல்லை இன்னும் கொஞ்சம் அதிகம். அதன் ரெனிசிஸ் எஞ்சினில் புகை வெளியேறும் வாயைப் பக்கத் தட்டுகளுக்கு மாற்றினார்கள். எரியாத வாயு வெளியே போகாமல் அடுத்த சுற்றில் மறுபடி எரிந்தது, புகை சுத்தமானது. அந்த ஆண்டே உலகின் சிறந்த எஞ்சின் என்ற விருதும் கிடைத்தது. ஆனால் உள்ளே தங்கிய அழுக்கு அந்த வாயைச் சுற்றியும் பக்க சீல்களின் பள்ளத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது. பள்ளத்தில் கரி இறுகினால் ஸ்பிரிங் தள்ளினாலும் சீல் எழும்பாது. காற்று ஒழுகும். சூடான எஞ்சினை அணைத்துவிட்டு மாமாக் கடையில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வந்தால் காடி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

தெங்கேரா போன்ற ஊர் இந்த எஞ்சினுக்கு ஏற்றதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்த்துகீசியர் காலத்து அரணின் பெயரைச் சுமக்கும் பழைய தெரு இது. இருபுறமும் கடைவீடுகள், ஒடுங்கிய சாலை. சனி ஞாயிறுகளில் மலாக்காவுக்கு வரும் வெளியூர்க் காடிகள் நகராமல் நிற்கும். நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றில் உறுமிக்கொண்டு நின்று நின்று போவதும், எஞ்சின் சூடேறும் முன்பே அணைப்பதும்தான் கரிக்கு நல்ல உரம்.

எனக்குக் கரியோடு பழக்கம் அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்திலேயே தொடங்கியது. லயத்தில் எங்கள் மாமாவிடம் ஒரு யமஹா ஆர்எக்ஸ்-இஸட் இருந்தது. டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் அடைக்கும் கரி தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். மாமா குழாயைக் கழற்றி, காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றி, இரு முனையையும் அடைத்து மரத்தடியில் சாய்த்து வைப்பார். மறுநாள் கவிழ்த்தால் தார் மாதிரி ஒழுகும். புல்வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோலில் டூட்டி ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கண்ணால் அளக்கக் கற்றேன். பிற்காலத்தில் ரோட்டரிக்காரர்கள் பெட்ரோல் தொட்டியில் அதே டூட்டி ஆயிலைக் கொஞ்சம் கலப்பதைப் பார்த்தபோது புதிதாகத் தோன்றவில்லை. அது சாதாரண எஞ்சின் ஆயிலைவிடச் சுத்தமாக எரியும்.

ஆனால் மாமாவின் காஸ்டிக் சோடா வைத்தியம் இங்கே ஆகாது. ரோட்டர் சுழலும் கூடு அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். இந்த எஞ்சினுக்குள் போகிற மருந்து கரியை மட்டும் தொட வேண்டும், உலோகத்தைத் தொடக்கூடாது. அதில் இரண்டு வகையை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று கரைப்பான். சீஃபோம் போன்ற டின்களில் இருப்பது இலகுவான எண்ணெய், நாப்தா, ஆல்கஹால் ஆகியவற்றின் கலவை. பிசினாக இருக்கும் கரியை அது நன்றாகக் கரைக்கும். ஓடாக இறுகியதை ஊறவைத்து அடியில் நெகிழ்த்தும், அவ்வளவுதான். மற்றொன்று பாலியீதர் அமீன் என்ற சேர்மம். கால்டெக்ஸ் பெட்ரோலின் டெக்ரானில் இருப்பது இந்த வகைதான். அது தொட்டிக்குள் கலந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும்.

அண்ணனின் கைவேலை முதல் வகையில்தான் தெரியும். காடியை மாலையில் விடச் சொல்வார். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், கை வைத்தால் பொறுக்கும் சூடு. இடது முன் சக்கரத்தைக் கழற்றிக் கீழ்வரிசைப் பிளக்குகளை எடுப்பார். துவாரத்துக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, ஊசிபோட உதவும் சிரிஞ்சால் ஓர் அறைக்குள் இருபது முப்பது மில்லிதான் விடுவார். பிறகு 19 மில்லிமீட்டர் ஸ்பேனரை முன்புறப் புல்லியில் மாட்டிக் கையால் ஒரு முழுச் சுற்று. தண்டு ஒரு சுற்று சுற்றினால் ரோட்டர் மூன்றில் ஒரு பங்கு திரும்பி அடுத்த முகத்தைக் காட்டும். மறுபடி மருந்து, மறுபடி ஒரு சுற்று. இரண்டு ரோட்டர், ஆறு முகம். ஸ்பேனரைத் திருப்பும்போது அவர் பேசமாட்டார். சீல் நெகிழ்கிறதா, உறுத்துகிறதா என்று மணிக்கட்டு சொல்லும் என்பார். ஒருமுறை என்னிடம் ஸ்பேனரைத் தந்து, “மெதுவா தம்பி, புள்ளைக்குக் காது குத்துற மாதிரி” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது காடியில்தான் அந்த உறுத்தல் என் கைக்கும் பிடிபட்டது: மண் விழுந்த தாழ்ப்பாளை இழுப்பது போல மிகச் சின்னதாக ஒரு நெருடல்.

இரவெல்லாம் ஊறும். காலையில் பிளக்குத் துவாரங்களுக்கு முன் துணியைப் பிடித்து, பெட்ரோல் வராதபடி ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் கோப்பி-ஓ நிறத்தில் பீய்ச்சி அடிக்கும். அந்தத் துணியை அவர் உடனே எறிய மாட்டார். வெளிச்சத்தில் விரித்து விரலால் தடவிப் பார்ப்பார். மை போல வழவழவென்று இருந்தால் முகம் மலரும். மணல் போல நெறுநெறுத்தால் இன்னொரு இரவு ஊறட்டும் என்பார். எனக்கு இந்தக் கலையிலேயே பிடித்த கணம் அதுதான்.

அதற்குப் பிறகு ஒரு சின்ன வேலை, பலர் மறந்துவிடுவது. மருந்து கரியோடு சேர்த்து ஆயில் படலத்தையும் கழுவியிருக்கும். உலர்ந்த சீல் காற்றைப் பிடிக்காது. எனவே ஒவ்வொரு அறைக்கும் சில சொட்டு எஞ்சின் ஆயில். பிறகு புதுப் பிளக். ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை சந்து முழுவதையும் மூடும். எதிர்வீட்டில் துணி காயப்போட்டிருந்தால் முதலில் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் சாவியைத் திருப்புவார். மூடிய இடத்தில் இதைச் செய்யவே கூடாது. புகை அடங்கியதும் எஞ்சின் ஆயிலையும் மாற்றியாக வேண்டும். கசிந்த மருந்து அதில் கலந்திருக்கும்.

எஞ்சின் ஓடும்போதே காற்றுக்குழாய் வழியாக மருந்தை உறிஞ்ச விடும் முறையும் உண்டு. 2,000 சுற்றில் நிறுத்தி, பச்சைக் குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது போல மடக்கு மடக்காகக் கொடுக்க வேண்டும். அவசரம் ஆகாது. அதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் என் காடிக்கு ஒரு டின் முழுவதையும் ஒரே மூச்சில் குடிக்க வைத்தார்கள். பெயர்ந்த கரிச்சில்லு ஒன்று சீலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியது. முனை சீல் ஒடிந்தது, ஒடிந்த துண்டு சுவரைக் கீறியது. எஞ்சினை முழுவதுமாகத் திறக்க வேண்டி வந்தது. மருந்து கெட்டதில்லை. பொறுமை இல்லாத கையில் அது கெட்டது.

ஆண்டுக்கு ஒருமுறை மருந்து என்றால் அன்றாடம் வேண்டியது ஓட்டம். ரோட்டரிக்காரர்கள் தினம் ஒரு தடவை ஊசியைச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அது வெறும் இளமைத் துடுக்கு என்று நினைத்திருந்தேன். சூடேறிய எஞ்சினில் உயர்ந்த சுற்று, புதிதாகப் படிந்த மென்கரியை எரித்தும் உதறியும் விடுகிறது. இதற்காகச் சட்டத்தை மீற வேண்டியதில்லை. ஆறு கியர் ஆர்எக்ஸ்-8 இரண்டாவது கியரில் 9,000 சுற்றைத் தொடும்போது வேகம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர்தான். அது வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பு. ஆயர் கெரோவில் ஏறி சிம்பாங் அம்பாட்டில் இறங்கினால் போதும், காடி வேறு குரலில் பேசும்.

இந்த எஞ்சின் பலவீனமானது என்று சொல்பவர்களுக்கு 1991 லெ மான் பந்தயத்தைச் சொல்வேன். நான்கு ரோட்டர் பூட்டிய மஸ்டா 787பி, 55ஆம் எண் வண்டி, 24 மணி நேரத்தில் 362 சுற்று ஓடி வென்றது. பிறகு அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே தேய்மானம் மிகக் குறைவாகவே இருந்தது. நாள் முழுவதும் உயர்ந்த சுற்றில் ஓடிய எஞ்சின் அது. சாலை நெரிசலில் நின்று கிடந்த எஞ்சின் இல்லை. 2012இல் ஆர்எக்ஸ்-8 நின்ற பிறகு ஹிரோஷிமாவில் ரோட்டரி ஓய்ந்தது என்று பலரும் எழுதினார்கள். 2023இல் எம்எக்ஸ்-30 வண்டியில் மின்சாரம் ஆக்கும் எஞ்சினாக 830 சிசி ஒற்றை ரோட்டர் திரும்பி வந்திருக்கிறது. அதிலும் முனை சீல் உண்டு. அதிலும் கரி சேரும்.

பழைய ஆர்எக்ஸ்-8 வாங்க நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மருந்து டின்னுக்கு முன் கம்ப்ரெஷனை அளக்கச் சொல்லுங்கள். மூன்று அறைக்கும் தனித்தனியாக எண் காட்டும் ரோட்டரி மீட்டரில் அளக்க வேண்டும், பிஸ்டன் காடிக்கு உரிய மீட்டர் உதவாது. 250 சுற்றில் 680 கிலோபாஸ்கல் என்பது மஸ்டா வைத்திருக்கும் கீழெல்லை. கரியைக் கரைத்து, ஆயில் விட்டு, சில நாள் ஓட்டிய பிறகும் அதற்குக் கீழேயே நின்றால் இன்னொரு டின் வாங்காதீர்கள். அது கரியின் வேலை இல்லை, சீல் தேய்ந்துவிட்டது. எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும்.