அடிக்குறிப்பை இழந்த அட்டவணை: திருகோணமலைத் தரவுக் கோப்புகள் குறித்து ஒரு விமர்சனம்

இறக்குமதி, ஏற்றுமதி என்னும் சொற்களைத் துறைமுக நகரொன்றில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1957வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய திருகோணமலையில், 1980இலிருந்து பிறீமா ஆலைக்குக் கோதுமை கப்பலில் வந்து மாவாகி வெளியேறுகின்றது. சரக்கோடு சரக்குப் பட்டியலும் வரும். பட்டியலில் உள்ளதும் கப்பலில் உள்ளதும் ஒன்றுதானா எனப் பார்ப்பதற்கு அதிகாரிகள் உளர். புள்ளிவிபர மென்பொருள்களும் இதே இரு சொற்களையே வழங்குகின்றன. ஒரு கோப்பை மென்பொருளுள் கொணர்தல் இறக்குமதி. அதனைப் பிறிதொரு வடிவில் வெளியே அனுப்புதல் ஏற்றுமதி. ஆனால் இங்கே சரக்கையும் பட்டியலையும் ஒப்புநோக்கும் அதிகாரி எவருமிலர். எமது பல்கலைக்கழகங்களின் கலைப்பீட ஆய்வேடுகள் பலவற்றில், தரவுகள் எஸ்.பி.எஸ்.எஸ். வழி பகுப்பாய்வு செய்யப்பட்டன என்ற ஒற்றை வாக்கியம் மந்திரம்போல் உச்சரிக்கப்பட்டு, அடுத்த பக்கத்திலேயே முடிவுகள் தொடங்கிவிடுகின்றன. அந்த வாக்கியத்திற்கும் அடுத்த பக்கத்திற்கும் இடையில் நிகழ்வது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இஃது இலக்கிய மாணவர்க்குப் புறம்பான தொழில்நுட்ப விடயம் எனச் சிலர் கருதக்கூடும். அக்கருத்து பொருந்தாது. ஏட்டுப்பிரதியிலிருந்து அச்சுக்கு நூல்கள் பெயர்ந்த காலத்தில், கலித்தொகையை 1887இல் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் எதிர்கொண்டதும் இதே பிரச்சினைதான்: ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குப் பனுவல் செல்லும்போது எது மிஞ்சுகின்றது, எது சிதைகின்றது, சிதைந்ததை எவ்வாறு அறிவது? பாடபேதம் பார்க்கப் பயின்ற கண்கள் தரவுக் கோப்பையும் பார்க்க வல்லன. வேறுபாடு ஒன்றுண்டு. செல்லரித்த ஏடு தன் சிதைவைத் தானே காட்டும். சிதைந்த கோப்போ ஒழுங்கான நிரைகளும் நிரல்களுமாக, குறையேதுமற்றதுபோலக் காட்சியளிக்கும்.

முதலில் எழுத்தை நோக்குவோம். யுனிக்கோட் முறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டதாயினும், இலங்கையின் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் ஆட்சிசெய்தது பாமினி எழுத்துருவே. பாமினியில் தட்டெழுதப்பட்ட ஊர்ப்பெயர் கணினியின் உள்ளே தமிழாக இருப்பதில்லை. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த கோவையாகவே இருக்கும். அதில் இகரத்திற்குரிய இடம் காற்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய இடம் அரைப்புள்ளி. தரவுகளை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லப் பெரிதும் பயன்படும் சி.எஸ்.வி. கோப்பிலோ காற்புள்ளியே ஒரு கட்டத்தை அடுத்த கட்டத்திலிருந்து பிரிக்கும் வேலியாகும். சில நாடுகளின் அமைப்பில் அரைப்புள்ளி அவ்வேலையைச் செய்யும். விளைவை ஊகிப்பது அரிதன்று. மேற்கோட்குறிகளால் காக்கப்படாவிடின், இறக்கக்கண்டி என்ற கிராமம் தன் முதலெழுத்தை இழந்து ஒரு கட்டம் வலப்புறம் தள்ளப்படும். அதன் சனத்தொகை வேறொரு நிரலின் கீழ்ப் போய்ச் சேரும். இலங்கை என்ற சொல்லுக்கும் அதே கதிதான். ஆங்கில மொழியின் தேவைகளை மட்டும் மனங்கொண்டு வகுக்கப்பட்ட ஒரு மரபு, அதனோடு பொருந்தாத வேறொரு மரபின்மேல் ஏறும்போது நேரும் விபத்து இது.

பெயர்ப் பிரச்சினை இதனினும் ஆழமானது. திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன. இரு வேறு கோப்புகளை ஊர்ப்பெயரைக் கொண்டு இணைக்க முற்படும் ஆய்வாளர், மொறவெவவும் முதலிக்குளமும் ஒன்றே என்பதையோ, கோமரங்கடவலவும் குமரேசன்கடவையும் ஒன்றே என்பதையோ மென்பொருளிடமிருந்து அறிந்துகொள்ள இயலாது. தம்பலகாமத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு கோப்பில் தமிழ் ஒலியையும் மற்றொன்றில் சிங்கள ஒலியையும் தழுவியிருக்கும். மூதூருக்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள். பொருந்திய நிரைகளை மட்டும் வைத்துக்கொள் என்று கட்டளையிட்டால் பொருந்தாதவை ஓசையின்றி மறையும். அண்மையில் நான் இவ்வாறு இரு அட்டவணைகளை இணைத்தபோது 11 பிரிவுகள் 7 ஆயின; மென்பொருள் பிழையென எதையும் அறிவிக்கவில்லை. மறைந்தவை யாவும் பெயர்பற்றிய பிணக்குள்ள பிரிவுகள் என்பதில் வியப்பில்லை. நிலமும் குடியேற்றமும் பற்றிய அரை நூற்றாண்டு அரசியல் பெயர்ப்பலகையில் மட்டுமன்றிக் கோப்பின் முதல் நிரலிலும் எழுதப்பட்டுள்ளது.

பெயருக்குப் பதிலாகக் குறியீட்டெண்ணைக் கொண்டு இணைக்கலாமே எனின், அது நல்ல வழிதான். ஆயினும் 03 என்ற குறியீட்டை எக்ஸெல் எண்ணெனக் கருதி 3 ஆக்கிவிடும். 03ஐ எழுத்தாகக் காத்துவைத்த மற்றக் கோப்புடன் அது பொருந்தாது. பணக்கார நாடுகளும் இத்தகைய விபத்துகளுக்கு விலக்கன்று. 2020இல் இங்கிலாந்தில் கொரோனாத் தொற்றாளர் 15,841 பேரின் விபரங்கள் நாளாந்தக் கணக்கிலிருந்து விடுபட்டன. பழைய எக்ஸெல் வடிவம் 65,536 நிரைகளுக்குமேல் கொள்ளாது என்பதே காரணம்.

இனி மையப் பிரச்சினைக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 1921இல் ஏறத்தாழ 34 ஆயிரம். கடற்படைத் தளம் விரிந்து உலகப் போரும் முடிந்த 1946இல் ஏறத்தாழ 76 ஆயிரம். கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்களுக்குப் பின்னர் 1981இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 56 ஆயிரம். அடுத்த முழுமையான தொகைமதிப்பு எண்ணிக்கை 2012இலேயே கிடைக்கின்றது: ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரம். 1991இல் நடைபெற வேண்டிய தொகைமதிப்பு போர் காரணமாக நடைபெறவில்லை. 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே முழுமையாக நடைபெற்றது. எஞ்சிய ஏழு, வடக்கின் ஐந்து மாவட்டங்களும் மட்டக்களப்பும் திருகோணமலையுமாகும்.

அச்சிட்ட அட்டவணையில் இவ்வுண்மை அடிக்குறிப்பாக நிற்கின்றது. இறக்குமதியில் முதலில் உதிர்வது அடிக்குறிப்பே. நிரைக்கும் நிரலுக்கும் அடங்காத எதனையும் மென்பொருள் ஏற்பதில்லை. உடுக்குறியோடு கூடிய எண், எண் அல்லாத சொல்லாகி ஒரு நிரலையே பயனற்றதாக்கும் என்பதால், ‘சுத்தம்’ செய்தல் என்ற பெயரில் ஆய்வாளரே உடுக்குறியை நீக்கிவிடுகின்றார். பிறகு எஞ்சுவது ஒரு வெற்றுக் கட்டம். அதில் கோடிட்டிருந்தால் அது சொல்லாகும். சுழியமிட்டால் அங்கே மனிதரே இல்லை என்றாகும். வெறுமையாக விட்டால் எஸ்.பி.எஸ்.எஸ். அதனை விடுபட்ட மதிப்பெனக் கொண்டு, தொடர்புப்போக்குப் பகுப்பாய்வில் அந்த நிரையையே வழமையாக ஒதுக்கிவிடும். ஆர் மென்பொருள் இவ்விடத்தில் சற்று நேர்மையானது: விடுபட்ட ஒன்று இருப்பின் சராசரியே இல்லை என்று விடை தரும், ஒதுக்குமாறு ஆய்வாளர் எழுத்தில் கட்டளையிட்டால் மட்டுமே ஒதுக்கும். எவ்வாறாயினும் முடிவில் வெளிவருவது 18 மாவட்டங்களின் சராசரி. அதன் தலைப்போ ‘இலங்கை’.

வேறு சிலர் வெற்றுக் கட்டத்தை நிரப்ப முனைவர். 1981க்கும் 2012க்கும் இடையே நேர்கோடு வரைந்தால் ஒவ்வோர் ஆண்டிற்கும் ஓர் எண் கிடைக்கும். மென்பொருள் அதனைக் கணப்பொழுதில் செய்து தரும். அந்த நேர்கோட்டின்படி 1990இல் இம்மாவட்டத்தின் சனத்தொகை அமைதியாக உயர்ந்துகொண்டிருக்கின்றது. அந்த ஆண்டில் ஊர்கள் எரிந்தன; மக்கள் காடுகளிலும் முகாம்களிலும் தஞ்சம் புகுந்தனர்; படகேறித் தமிழ்நாட்டுக்குச் சென்றோர் பலர். 1983, 1985, 2006 ஆகிய ஆண்டுகளின் இடப்பெயர்வுகளும் 2004இன் ஆழிப்பேரலையும் அக்கோட்டில் ஒரு நெளிவைக்கூட ஏற்படுத்தவில்லை. இத்தகைய எண்ணைப் பொய்யென்று சொல்வதே நேர்மையெனக் கருதுகின்றேன்.

மார்க்சியர்க்கு இதில் ஒரு முன்னுதாரணம் உண்டு. ‘ருஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ (1899) என்னும் நூலில் லெனின் செம்ஸ்த்வோ புள்ளிவிபரங்களைப் புறக்கணிக்கவில்லை. அவற்றையே ஆதாரமாகக் கொண்டார். அவர் எதிர்த்தது, செல்வந்த விவசாயியையும் குதிரையற்ற ஏழையையும் கலந்து ‘சராசரி விவசாயி’ ஒருவனைப் படைத்த முறையை. மார்க்ஸும் ‘மூலதனம்’ நூலுக்குத் தொழிற்சாலைப் பரிசோதகரின் அரசாங்க அறிக்கைகளையே சான்றாக்கினார். ஆகவே எண்களை வெறுப்பது எமது மரபன்று. எண் எவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டது என்ற கேள்வியைக் கைவிடுவதே மரபு மீறல்.

எமது முற்போக்கு அணியினரும் இவ்விடயத்தில் குற்றமற்றவரல்லர். திருகோணமலை பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இன விகிதாசார அட்டவணை ஒன்றே மேசைக்கு வருகின்றது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று நிரல்களுக்கு அப்பால், துறைமுகத்தில் கூலிக்குச் சுமப்பவர், கரைவலை இழுப்பவர், மாவாலையில் முறைவேலை செய்பவர் என்ற நிரல்கள் எங்கே எனக் கேட்போர் சிலரே. இனவகைப்பாடும் இயற்கையாக முளைத்ததன்று. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிப்பு 1911ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிலிருந்து வருவது. எஸ்.பி.எஸ்.எஸ். கோப்பொன்றைச் சி.எஸ்.வி.யாக ஏற்றுமதி செய்து, குறியீடுகளை மட்டும் அனுப்பினால் 1, 2, 3 என்ற எண்கள் எஞ்சும். அவற்றுக்குரிய விளக்கச் சொற்கள் பின்தங்கிவிடும். விபரம் தெரியாதோர் வயதைக் குறிக்க இட்ட 99, தொண்ணூற்றொன்பது வயதுக் கிழவராக மறுகரை சேரும்.

உடைமை பற்றியும் ஒரு சொல். எஸ்.பி.எஸ்.எஸ். 1968இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளரால் உருவாக்கப்பட்டது, 2009இல் ஐ.பி.எம். அதனை 120 கோடி டொலருக்கு வாங்கியது. இங்கே வீடு வீடாகச் சென்று எண்ணியவரின் உழைப்பு, உரிமக் கட்டணம் செலுத்தியே திறக்கக்கூடிய உறையில் இடப்படுகின்றது. கட்டற்ற மென்பொருளான பி.எஸ்.பி.பி.யும் ஆரும் அவ்வுறையைத் திறக்க வல்லன என்பதை எமது துறைகள் மாணவர்க்குச் சொல்லித் தருவது பயனுடைத்து. கட்டணமின்மையைவிட, ஆரில் இறக்குமதிக் கட்டளை எழுத்தில் நிலைத்திருப்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றது. அதனைப் பின்னொருவர் வாசித்துப் பிழை காணலாம். சுட்டியால் சொடுக்கிச் செய்த தெரிவுகள் சுவடின்றிப் போகும்.

2024 இறுதியில் மீண்டும் ஒரு தொகைமதிப்பு நடைபெற்றுள்ளது. அதன் கோப்புகளை 1981, 2012 ஆகியவற்றோடு இணைக்கும் ஆய்வேடுகள் விரைவில் வரும். அவ்வேடுகளில் மூலக்கோப்பு மாற்றமின்றித் தனியே வைக்கப்பட்டதா, அடிக்குறிப்பு தனி நிரலாக ஏற்றப்பட்டதா, முதலிக்குளமும் மொறவெவவும் ஒரே குறியீட்டின்கீழ் இரு நிரல்களில் நிற்கின்றனவா, இணைப்புக்கு முன்னும் பின்னும் நிரைகள் எண்ணப்பட்டனவா எனப் பரிசோதகர்கள் கேட்டல் வேண்டும். மாவட்டத்தின் குறியீட்டெண் 53. அந்த நிரையில் 2001இன் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். ஏன் வெறுமை என்பதை அதன் பக்கத்துக் கட்டத்தில், தமிழில், முழு வாக்கியமாக எழுதலாம்.