முதல் நாள்: நெல்லையா, மதுரையா?

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குக் குழுவாகச் சைக்கிளில் கிளம்புவோர் முதல் நாளை இரண்டு விதமாக வகுக்கலாம். சுமார் 85 கிலோமீட்டர் ஓட்டித் திருநெல்வேலியில் தங்குவது ஒன்று. ஏறத்தாழ 240 கிலோமீட்டர் கடந்து மதுரையைப் பிடிப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே அளவுகோலால்தான் எடைபோட வேண்டும்: குழுவில் கடைசியாக வந்து சேர்பவர் மறுநாள் காலை எந்த நிலையில் வண்டி ஏறுகிறார்? முதலில் வந்தவரின் வேகம் தனிப் பயணத்துக்குரிய அளவை.

மதுரைத் திட்டத்துக்கு வலுவான நியாயம் உண்டு. மொத்தத் தொலைவு 3,500 கிலோமீட்டருக்குக் குறையாது. விடுப்பெடுத்து வருபவருக்கு ஒவ்வொரு நாளும் அருமை. சாலை நான்கு வழி, பெரும்பாலும் சமதளம். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரெவே ஓட்டங்களில் தேறியவர்களுக்கு இது எட்டாத தூரமல்ல. ஆனால் அந்த ஓட்டம் அன்றோடு முடிகிறது. இங்கே மறுநாளும் ஓட வேண்டும், மூட்டை முடிச்சோடு.

தூரத்தைவிடக் கடுமையான சோதனை காவல்கிணறு, பணகுடிப் பகுதியில் காத்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்று, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, வடக்கே போகிறவரை இடப்பக்கத்திலிருந்து அறைகிறது. நாம் இடது ஓரமாக ஓட்டுபவர்கள். ஆகவே அது நம்மை லாரி வரும் பக்கமாகத் தள்ளும். எதிர்க்காற்றில் முன்னவரை ஒட்டிப் போனால் பின்னவருக்கு உழைப்பு மிச்சம். பக்கக் காற்றிலோ அந்த மறைப்பு வலப்புறம் சாய்கிறது. அதைத் தேடிச் சாய்வரிசையாக விரிந்தால் குழு போக்குவரத்துக்குள் நீண்டுவிடும். அங்கே இடைவெளி விட்டுத் தனித்தனியாக ஓட்டுவதே சரியான முறை. இதைக் கிளம்புமுன்பே பேசிவைக்க வேண்டும். அந்தக் காற்றில் கத்தினாலும் கேட்காது. இப்படி அலுத்தபின் நெல்லையோடு நிற்காமல் மதுரை வரை ஓட்டினால், கடைசியாக வருபவர்தான் அதிகம் தளர்வார். மற்ற மாதங்களில் இந்த வாதத்தின் கனம் குறையும், உண்மைதான்.

எந்த மாதமானாலும் மாறாத வாதம் வண்டியைப் பற்றியது. கேரியர் திருகு தளர்வது, புது சீட் தொடையை உரசுவது, பை ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் முதல் 50 கிலோமீட்டரில் தெரிந்துவிடும். மதியம் நெல்லையில் இறங்குபவருக்குச் சைக்கிள் கடை திறந்திருக்கும். இரவு மதுரை சேர்பவர் அதே கோளாறோடு விடியலில் மறுபடி கிளம்புகிறார்.

நெல்லைத் திட்டத்தின் குறை அதன் மெத்தனம். தூரம் குறைவுதானே என்ற தைரியத்தில் சூரிய உதயம், கொடியசைப்பு, படமெடுப்பு என்று எட்டு மணி ஆகிவிடுகிறது. பிறகு நாங்குநேரியை உச்சி வெயிலில் கடக்க நேர்கிறது. மதுரைக்காரர்களிடம் இந்தத் தவறு இல்லை. இருட்டிலேயே கிளம்பினால்தான் அவர்கள் கணக்கு செல்லும்.

என் தீர்ப்பு நெல்லைக்கே. ஆனால் கிளம்பும் நேரத்தை மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தரைக்கு மிதிக்கத் தொடங்கும் குழு வெயில் ஏறுமுன் வள்ளியூரைத் தாண்டிவிடும். கொடியசைப்பை முந்தின நாள் மாலையே முடித்துக்கொள்ளலாம்.