நிகழ்தகவுத் தரவுக் கட்டமைப்பு நிரலகங்களும் தமிழ்ச் சொற்பிழை திருத்தமும்: சக மதிப்பாய்வுக்கான அளவுகோல்கள்

முன்னுரை

1970இல் பர்ட்டன் புளூம் முன்வைத்த வடிகட்டி, சொற்களைச் சேமிக்காமலேயே ஒரு சொல் பட்டியலில் உண்டா என்று கூறும் அமைப்பாகும். ஒவ்வொரு சொல்லும் ஹாஷ் சார்புகளின் வழியே சில பிட்டுகளைக் குறியிடும். தேடும் சொல்லுக்குரிய பிட்டுகள் யாவும் குறியிடப்பட்டிருந்தால் ‘உண்டு’ என்னும் விடை வரும். பட்டியலில் உள்ள சொல்லை இது மறுப்பதில்லை. இல்லாத சொல்லைச் சில வேளை ஏற்றுவிடும். இத்தகைய கட்டமைப்புகளைக் கொண்ட திறமூல நிரலகம் தமிழ்ச் சொற்பிழை திருத்தத்திற்கென முன்மொழியப்பட்டால், அதனை மதிப்பிடும் முறை யாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. 2016இல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்’ இதழின் மதிப்பாய்வுப் பட்டியல் உரிமம், நிறுவல், ஆவணம், சோதனை, செயல்திறன் ஆகியவற்றை வினவுகிறது. இவை தேவையானவை, தமிழைப் பொறுத்தவரை போதுமானவை அல்ல.

ஒரு விழுக்காட்டின் பொருள்

10 இலட்சம் சொற்களை 1 விழுக்காட்டுப் பிழை வீதத்துடன் அடக்க, சொல்லுக்கு 9.6 பிட்டாக ஏறத்தாழ 1.2 மெகாபைட் போதும். இச்சிக்கனம் ஈர்ப்புடையது. ஆயின், புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்ப்பெயரான ‘கறம்பக்குடி’யை ஒருவர் இடையின ரகரமிட்டுக் ‘கரம்பக்குடி’ என எழுதியதாகக் கொள்வோம். பிழை நழுவும் வாய்ப்பு நூற்றில் ஒன்றே. பிழை பிடிபட்டுத் திருத்தம் பரிந்துரைக்கும்போதுதான் சிக்கல் பெருகுகிறது. ஏழு எழுத்துகளில் ஒவ்வொன்றையும் எஞ்சிய 246 எழுத்துகளால் மாற்றினால் 1,722 வடிவங்கள் பிறக்கும். அவற்றுள் ஏறத்தாழ 17 பொருளற்ற வடிவங்களை வடிகட்டி சரியெனக் கூறும். உண்மையான ஊர்ப்பெயர் அவற்றிடையே மறைந்துவிடும். பிழை வீதத்தை 0.1 விழுக்காடாக்கினால் நினைவகம் 1.8 மெகாபைட்டாகும், பொய்ப் பரிந்துரைகள் சராசரியாக இரண்டுக்கும் குறையும். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண மயக்கங்களை முதலில் சோதித்தாலோ இச்சொல்லுக்குக் கிடைப்பது ஒரே வடிவம்: கறம்பக்குடி. நினைவகத்தைப் பெருக்குவதினும் எழுத்திலக்கண அறிவு இங்குக் கூடுதலாகப் பயன்படுகிறது.

மேலும், ஹாஷ் சார்புகள் மாறாதவரை, வடிகட்டி உருவான பின்னர் நிகழ்தகவுக்கு இடமில்லை. நழுவிய பிழை அப்பதிப்பைப் பயன்படுத்தும் அனைவரிடமும் எப்போதும் நழுவும்.

எழுத்தும் சொல்லும்

ஒருங்குறியில் ‘கொ’ போன்ற உயிர்மெய்யின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஹாஷ் சார்புக்கு வேறு. முன்சீராக்கம் இல்லையேல், பட்டியலில் உள்ள சொல்லும் மறுக்கப்படும். அவ்வாறே ‘கறம்பக்குடியிலிருந்து’, ‘கறம்பக்குடிக்காரர்களுக்கும்’ என விரியும் வடிவங்களை எப்பட்டியலும் முழுதும் அடக்காது. புளூமின் கட்டுரையே சொற்பிரிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பெரும்பான்மைச் சொற்களை எளிய விதிகளிடமும் விதிவிலக்குகளை மட்டும் வடிகட்டியிடமும் ஒப்படைத்தது. தமிழுக்கும் உருபனியல் பகுப்பே முதற்படி.

முடிவுரை

எனவே, தமிழ் நிரலக மதிப்பாய்வாளர் மூன்றை வலியுறுத்த வேண்டும்: பிழை வீதத்தைத் தனிச்சொல்லுக்கு மட்டுமன்றிப் பரிந்துரைக்கும் கணக்கிட்டுக் காட்டுதல்; ஒருங்குறிச் சீராக்கத்திற்கான சோதனைகள்; தவறான ஏற்புக்கே இடமளிக்காத ‘ட்ரை’ எனும் எழுத்துமரத்துடன் ஒப்பீடு. பிழைதிருத்தி ஏற்ற வடிவத்தையே சரியானதாகக் கொள்வோர் பெருகிவரும் சூழலில், இவ்வினாக்களை எழுப்பாத மதிப்பாய்வு நிரலின் தரத்தைச் சான்றளிக்கலாம், மொழிக்குப் பொறுப்பேற்றதாகாது.