காஞ்சிபுரம் வானொலியில் யாரோடு பேசுகிறது?

காஞ்சிபுரத்துக்கென்று அகில இந்திய வானொலி நிலையம் கிடையாது. சென்னை, திருச்சி, கோவை, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடி, தர்மபுரி, கொடைக்கானல் என்று பட்டியல் நீளும். இந்த ஊர் அதில் வராது. சென்னை 70 கிலோமீட்டர் சொச்சம்தான். 1938-ல் தொடங்கிய சென்னை நிலையமே இங்கேயும் கேட்கிறது, பிறகு தனியாக ஒன்று எதற்கு என்பதுதான் நினைப்பு.

கேட்பதில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் வானொலிக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. தறியில் உட்கார்ந்தவருக்குக் கையும் காலும் கண்ணும் மாட்டிக்கொள்ளும், காது மட்டும்தான் சும்மா இருக்கும். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தத்தோடு பாட்டும் சேர்ந்தே வரும். முன்பு டிரான்சிஸ்டர், இப்போது பெரும்பாலும் செல்போன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டே வேலை செய்கிற ஜனம் இது. அந்தக் காதுகளுக்குள் அவர்களுடைய சொந்தப் பேச்சு எவ்வளவு போகிறது என்பதுதான் என் கேள்வி.

அதற்காகச் சில மாதங்களாகக் காஞ்சிபுரத்துக்காரர்களை வைத்து எடுத்த வானொலிப் பேட்டிகளைத் தேடித் தேடிக் கேட்டேன். எந்த நிலையம், எந்த நிகழ்ச்சி என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒருவரைப் பிடித்துத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. ஊர் என்றால் கோயில், இல்லாவிட்டால் பட்டு. நெசவாளர் வந்தால் மூன்று கேள்விகள் தவறாமல் வரும். எத்தனை தலைமுறையாக நெய்கிறீர்கள்? ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகும்? அசல் பட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த மூன்றையும் கேட்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். சேலை வாங்க காரில் வந்திறங்கியவர். பக்கத்து வீட்டுக்காரர் இப்படியா கேட்பார்? "பாவு வந்துச்சா? கூலி ஏத்திக் குடுத்தாங்களா? கோர்வைக்கு ஆள் கெடச்சுதா?" இதுதான் ஊர்ப் பேச்சு.

கோர்வையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே இழைக்கு இழை கோர்த்துக்கொண்டு போவதுதான் கோர்வை. மூன்று நாடா ஓடும். நெய்பவர் ஒருவர் மட்டும் போதாது, கரை நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் குழந்தைகள் இருந்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தறிக்கு அனுப்பிய குடும்பங்களின் கதை இந்த ஊரில் ரகசியம் இல்லை. சட்டமும் பள்ளிக்கூடமும் அவர்களை வெளியே கொண்டுவந்தன, நல்லதாயிற்று. இப்போது அந்த இடத்தில் மனைவி உட்கார்கிறார், இல்லாவிட்டால் யாருமே இல்லை. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்றுதான், தலைக்கு இவ்வளவு என்று இல்லை. ஆகவே பலர் இரண்டாவது ஆள் தேவைப்படாத ரகத்துக்கு மாறிவிட்டார்கள்.

"தறியில உங்க பக்கத்துல யார் உக்கார்றாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பிள்ளைகளின் படிப்பு, பெண்களின் சம்பளமில்லாத உழைப்பு, கடன், மறைந்துகொண்டிருக்கும் ஒரு நுட்பம் எல்லாம் தானாக வரும். ஒரு பேட்டியில் அந்தப் பெரியவர் தானாகவே "கூட உக்கார ஆள் இல்லீங்க" என்று ஆரம்பித்தார். கதவு திறந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்படியா... சரிங்கய்யா, இந்த டிசைனுக்கு என்ன பேரு?" என்று அடுத்த கேள்வி போய்விட்டது.

விதிமுறைகளைக் காரணம் சொல்வார்கள். அரசு வானொலிக்கென்று ஒரு நெறிமுறைத் தொகுப்பு உண்டு. மத்திய, மாநில அரசுகளைப் பகையோடு விமர்சிக்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது. தனியார் பண்பலைக்கும் சமுதாய வானொலிக்கும் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொன்ன நாட்டில் இது வேடிக்கைதான். ஆனால் கோர்வைக்கு ஆள் கிடைக்காததைப் பேச எந்த விதி தடுக்கிறது? என் கணிப்பில் பயம் கால்வாசி, பழக்கம் முக்கால்வாசி.

பழக்கம் மொழியிலும் தெரிகிறது. இங்கே நெய்பவர்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் பலர். மைக் முன்னால் வந்ததும் எல்லோருக்கும் ஒரே மேடைத் தமிழ் வந்துவிடுகிறது. "நாங்கள் பாரம்பரியமாக..." என்று தொடங்கும்போதே ஆள் காணாமல் போய்விடுகிறார்.

முடியாத காரியமில்லை என்பதற்குச் சாட்சி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1960-களில், ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி தஞ்சாவூர் விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்த விதத்தில், அந்த நெல்லையே ரேடியோ பேரைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். விவசாயியிடம் "எத்தனை தலைமுறையாக உழுகிறீர்கள்" என்று கேட்டா அது நடந்தது? பாம்பனில் 2016-லிருந்து இயங்கும் 'கடல் ஓசை' 90.4 இன்னும் நெருக்கமான உதாரணம். மீனவருக்காக, மீனவர் பேச்சிலேயே, காற்றும் கடலும் பற்றிப் பேசுகிறார்கள். மீன் வாங்க வருபவருக்காக அல்ல.

2019-ல் அத்தி வரதர் வெளியே வந்த 48 நாளும் காஞ்சிபுரம் எல்லா அலைவரிசையிலும் இருந்தது. வரிசை எவ்வளவு நீளம், பஸ் எங்கே நிற்கும் என்பதெல்லாம் வருகிறவருக்கு அவசியம்தான். சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருப்பவர், அந்த ஜனக் கடலுக்கு நடுவே வீட்டுக்கும் வேலைக்கும் எப்படிப் போய்வந்தார் என்று கேட்ட ஒரு பேட்டிகூட எனக்கு அகப்படவில்லை.

'சென்னை பக்கம்தானே' என்ற வாதம் உலகம் முழுக்க ஓடுகிறது. பிபிசி 1967-ல் லெஸ்டரில் தன் முதல் உள்ளூர் நிலையத்தைத் தொடங்கியது. 2023-ல் இங்கிலாந்தின் உள்ளூர் நிலையங்கள் மதியத்துக்குமேல் பக்கத்து நிலையங்களோடு நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று அதே பிபிசி முடிவெடுத்தபோது, ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு இருந்ததைப் பறித்தார்கள். நமக்கு வரவே இல்லை, அதனால் சண்டையும் இல்லை.

பக்கத்து ஊர் எவ்வளவு தூரம் என்பது மழைக்காலத்தில்தான் தெரியும். குழித்தறியில் கால் வைக்கும் குழிக்குள் தண்ணீர் ஊறும், ஈரத்தில் பாவு ஒத்துழைக்காது, வேலை நின்றால் கூலியும் நிற்கும். விடிகாலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிச் சரிசெய்கிறவருக்கு வானம் காய்ந்திருக்க வேண்டும். "சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பு" என்று நாலு மாவட்டத்தை ஒரே மூச்சில் சொல்லும் வரியை வைத்து அவர் என்ன முடிவெடுப்பார்? சமுதாய வானொலிக்கு அனுமதிக்கும் 100 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று பிள்ளையார்பாளையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம்வரை தாராளமாக எட்டும்.

பாம்பன் நிகழ்ச்சிகளை இன்னும் முழுசாகக் கேட்டு முடிக்கவில்லை. அவர்கள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பதை மட்டும் தனியாகக் குறித்து வருகிறேன், அடுத்த குறிப்பில் போடுகிறேன்.